ஒரே உலகம், மூன்று டிஎம், ஒன்பது கேரக்டர்: சமநிலைக்கு என்ன வழி?

உப்புக்காற்று:

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு உலகத்தை நடத்துகிறோம். பெயர் நெடுங்கரை. ஒரு துறைமுகம், அதற்குத் தெற்கே பெரிய சதுப்பு நிலம், அதையும் தாண்டினால் பாழடைந்த ஒரு நகரம். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு பாத்திரமாகக் கதை ஆடும் மேசை ஆட்டம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிப்புத்தகம். ஆட்டக்காரர்கள் ஒன்பது பேர். எந்தச் சனிக்கிழமை யாருக்கு வசதியோ அவர்கள் வருவார்கள், எங்கள் மூவரில் ஒருவர் நடத்துவோம். டிஎம், அதாவது கதையை நடத்துபவர், மாறினாலும் கேரக்டர் மாறாது. இந்த வாரம் என் மேசையில் கிடைத்த வாளோடு அடுத்த வாரம் இன்னொருவர் மேசைக்குப் போகலாம்.

இப்போது சிக்கல். கேரக்டரின் ஆறு ஸ்டாட்டையும், அதாவது வலு, அறிவு மாதிரியான திறன் எண்களை, பகடை உருட்டி எடுத்தோம். எங்கள் ட்ரூயிடுக்கு (இயற்கை மந்திரம் போடும் கேரக்டர்) நன்றாக விழுந்தது: 18, 17, 16, 14, 13, 11. எங்கள் ரேஞ்சருக்கு (காடுமேடு அறிந்த வீரர்) 14, 13, 12, 11, 10, 8. இருவரும் ஒரே நாளில், எல்லோர் முன்னாலும் உருட்டினார்கள். நான்கு பகடை உருட்டி மிகக் குறைந்ததை விட்டுவிடும் வழக்கமான முறைதான். அதன் பிறகு இன்னொரு டிஎம் ஒரு பறக்கும் துடைப்பத்தைப் புதையலில் வைத்தார், அதுவும் ட்ரூயிடுக்கே போனது.

ரேஞ்சர் ஆடுபவர் சதுப்பு நிலத்தையே மனதில் வைத்துத் தன் பாத்திரத்தை உருவாக்கியவர். அங்கே பிறந்து வளர்ந்த நண்டு பிடிக்கும் பெண், அலை ஏறும் நேரம் அத்துப்படி. சதுப்பைக் கடக்க ஐந்து நாள் என்று நான் பயணத்தை அமைத்திருந்தேன். உணவு, குடிநீர், வழி தவறும் ஆபத்து எல்லாம் அதில் உண்டு. ட்ரூயிட் தினமும் குட்பெர்ரி என்ற ஸ்பெல்லை, அதாவது மந்திரத்தை, ஒரு முறை போட்டார், பத்துப் பழம் வந்தது, எல்லோருக்கும் வயிறு நிறைந்தது. வழி தெரியாவிட்டால் துடைப்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். பயணம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ரேஞ்சர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது, அவர் வரவே இல்லை.

ட்ரூயிட் ஆடுபவர் மேல் ஒரு தப்பும் இல்லை, கெட்டிக்காரத்தனமாக ஆடினார். ஸ்பெல்லைத் தடை செய்யவா? ரேஞ்சருக்கு ஸ்டாட்டைக் கூட்டித் தரவா? எல்லோரையும் புதிதாகக் கேரக்டர் போடச் சொல்லவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். ட்ரூயிடின் ஆறு எண்களையும் கூட்டினால் 89. ரேஞ்சருடையது 68. நான்கு பகடை முறையில் ஒரு ஸ்டாட்டின் சராசரி சுமார் 12.24, ஆக ஆறுக்கும் சேர்த்து எழுபத்து மூன்றரை அளவில் வரும். புத்தகத்தில் கொடுத்திருக்கும் நிலையான வரிசை 15, 14, 13, 12, 10, 8. அதன் கூட்டுத்தொகை 72. மொத்தத்தில் பகடை பெரிய அநியாயம் செய்வதில்லை, ஆனால் ஒருவருக்கு விழுந்தது அந்தக் கேரக்டர் சாகும்வரை கூடவே வரும்.

இது மேசையில் எவ்வளவு தெரியும்? 18க்கு +4, 14க்கு +2. மூன்றாம் லெவலில் பயிற்சிப் போனஸ் +2. கவசம் 15 உள்ள எதிரியை அடிக்க, இருபதுமுகப் பகடையில் விழுவதோடு இவற்றைக் கூட்டி 15 வர வேண்டும். ஒருவருக்கு 9 விழ வேண்டும், இன்னொருவருக்கு 11. அதாவது 60 சதவீதம், 50 சதவீதம். பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் அதே +4, +2 அடியின் பலத்திலும் சேர்கிறது. நீள்வில்லுக்கு எட்டுமுகப் பகடை, சராசரி 4.5. ஒருவர் அடித்தால் 8.5, மற்றவர் அடித்தால் 6.5. தவறவிடுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு அம்புக்கு 5.1, இன்னொன்றுக்கு 3.25. ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும்.

ஒரே மேசையில் ஆடி முடிக்கும் கதைக்குப் பகடை சரி. பலர் பகிரும் உலகத்துக்கு 27 புள்ளி முறைதான் நல்லது. எல்லாம் 8இல் தொடங்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு. அதனால் உச்சத்துக்குப் போக விலை அதிகம். மூன்று 15, மூன்று 8 வாங்கினால் 27 புள்ளி தீர்ந்துவிடும், கூட்டுத்தொகை 69. மூன்று 13, மூன்று 12 வாங்கினாலும் அதே 27தான், கூட்டுத்தொகை 75. கூர்மை வேண்டுமா, அகலம் வேண்டுமா என்று ஆட்டக்காரரே தீர்மானிக்கிறார். அட்வென்ச்சரர்ஸ் லீக் மாதிரி, முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்காரும் இடங்களில் பகடை உருட்டவே விடமாட்டார்கள், நிலையான வரிசை அல்லது புள்ளி முறைதான். காரணம் இதுதான்.

பழைய மேசை:

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் உப்புக்காற்று, நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ரேஞ்சர் போனது அம்பு தவறியதாலா? அவருக்கும் 18 விழுந்திருந்தால் குட்பெர்ரி வேலை செய்யாமல் போயிருக்குமா? இருவருக்கும் ஒரே ஸ்டாட் கொடுத்து அதே பயணத்தை நடத்திப் பாருங்கள், அதே இருபது நிமிடம்தான் ஆகும்.

ஒரு திறமை சிக்கலைத் தீர்க்கலாம், அல்லது சிக்கலே இல்லாமல் ஆக்கிவிடலாம். பூட்டிய கதவை எடுத்துக்கொள்வோம். ரோக், அதாவது திருட்டுக் கலை தெரிந்த கேரக்டர், குனிந்து பூட்டைத் திறக்கிறான், மற்றவர்கள் காவல் நிற்கிறார்கள், பகடை உருளுகிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது தீர்ப்பது. நாக் ஸ்பெல் போட்டால் பகடையே வேண்டாம், கதவு திறந்துவிடும். ஆனால் அந்த ஸ்பெல்லை எழுதியவர்கள் அதிலேயே ஒரு விலை வைத்தார்கள்: தட்டும் சத்தம் 300 அடி தூரம் கேட்கும். அதனால் ரோக்குக்கு இன்னும் வேலை இருக்கிறது, அவன் சத்தமில்லாமல் திறப்பவன். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒருவர் வல்லவராகவே இருக்கலாம், பக்கத்தில் இருப்பவரின் வேலையை மட்டும் பறிக்கக் கூடாது.

குட்பெர்ரியில் அந்த 300 அடி இல்லை. ஒரு ஸ்லாட் (ஓய்வெடுக்கும் வரை இத்தனை முறைதான் ஸ்பெல் போடலாம் என்ற கணக்கில் ஒன்று), பத்துப் பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. பசி என்ற சொல்லே பயணத்திலிருந்து போய்விடுகிறது. துடைப்பமும் அப்படித்தான். அட்யூன்மென்ட், அதாவது மாயப்பொருளைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதுகூட வேண்டாம், ஆகவே ஒருவர் மூன்று பொருளைத்தான் பிணைக்கலாம் என்ற வரம்பும் அதைக் கட்டாது.

சம பலம் இல்லாமலே நன்றாக நடக்கும் ஆட்டம் உண்டு. ஆர்ஸ் மேஜிகா, 1987இல் வந்தது. அதில் மந்திரவாதிக்கு முன்னால் மற்றவர்கள் ஒன்றுமே இல்லை, விதி அதை மறைக்கவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைவரும் உண்டு. கோட்டைக் காவலர்களும் வேலையாட்களும் குழுவுக்கே பொது, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். இந்தக் கதையில் உன் மந்திரவாதி போகிறார், நான் உன் காவலாளி. அடுத்த கதையில் என் முறை. கதை நடத்துபவரும் மாறுவார். அங்கே சமநிலை தாளில் இல்லை, யார் எப்போது போகிறார்கள் என்பதில் இருக்கிறது. மூன்று டிஎம் மாறி மாறி நடத்தும் உங்களுக்கு அந்த யோசனை ஓரளவு ஒத்துவரும்.

இரவுநடை:

நான் ஆட்டக்காரி, டிஎம் இல்லை. எனக்கு வலு 8, மூன்று வருடமாக அதே ரோக்தான். சண்டையில் எங்கள் பாலடின் என்னைவிட நன்றாக அடிப்பார். ஒரு நாளும் எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. குறையாகத் தெரிந்தது ஒரே ஒரு இரவு. நான் பேசித் தகவல் வாங்கப் போன சத்திரத்தில், வாயைத் திறப்பதற்கு முன்னால் எங்கள் விசார்ட் (மந்திரவாதி) மனதைப் படிக்கும் டிடெக்ட் தாட்ஸ் ஸ்பெல்லைப் போட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டார். டிஎம் அடுத்த காட்சிக்குப் போனார். நான் ஒரு மாலை முழுக்க யோசித்து வைத்திருந்த பொய்க்கதை கையிலேயே இருந்தது.

அதனால் ரேஞ்சர் ஆடுபவரை எனக்குப் புரிகிறது. ஸ்டாட்டைக் கூட்டிக் கொடுத்தால் அவர் நன்றி சொல்லிவிட்டு மறுபடி வராமல் இருப்பார். அவர் கேட்டது சதுப்பு நிலத்தை.

சதுரங்கா:

ஆளாளுக்கு ட்ரூயிடையே சுட்டுகிறீர்கள். ரேஞ்சரின் விதியை யாராவது பார்த்தீர்களா? 2014 புத்தகத்தில் நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்ன சொல்கிறது? தனக்குப் பழக்கமான நிலத்தில் குழு வழி தவறவே தவறாது, மாயத்தால் தவிர. கடினமான தரை வேகத்தைக் குறைக்காது. தேடினால் உணவு இரண்டு மடங்கு கிடைக்கும். அவுட்லாண்டர் பின்னணி எடுத்திருந்தால் இன்னும் மோசம், தினமும் தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் உணவும் நீரும் கிடைத்துவிடும்.

அதாவது ட்ரூயிட் இல்லாமல் இருந்திருந்தாலும் உப்புக்காற்றின் பயணம் இருபது நிமிடத்தில்தான் முடிந்திருக்கும். ரேஞ்சர் தன் கையாலேயே முடித்திருப்பார். சதுப்பு நிலம் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால், சரி, அதை இனி ஆட வேண்டாம் என்று அந்த விதி பரிசளிக்கிறது. இது கேரக்டர்களுக்கு நடுவே உள்ள சமநிலைக் கோளாறு இல்லை, விதியின் கோளாறு.

பழைய மேசை:

சதுரங்கா, இதை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் டிஎம் அந்த விதியைப் படிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். ‘வழி தவறாது’ என்றால் காட்சியை வெட்டுவது என்று வைத்துக்கொள்ளாமல், அவளுக்கு மட்டும் தெரிந்த வழிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். சதுப்பில் மூன்று வழி. ஒன்று குறுக்கு வழி, அலை ஏறினால் இடுப்பளவு தண்ணீர். ஒன்று மேட்டு வழி, ஒரு நாள் கூடும், தூரத்திலிருந்தே பார்க்கிறவர் கண்ணில் படும். மூன்றாவது அவளுடைய ஊர்க்காரர்கள் மட்டும் போகும் வழி, கேட்டால் காட்டுவார்கள், பதிலுக்கு ஏதாவது கேட்பார்கள். துடைப்பத்தில் ஏறிப் பார்ப்பவருக்கு நாணலும் நீரும்தான் தெரியும், அலை எப்போது ஏறும் என்று மேலிருந்து தெரியாது. திறமை உள்ளவருக்குக் கேள்விகள் குறையக் கூடாது, நல்ல கேள்விகள் கிடைக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

ஒரு காரணத்தை எல்லோரும் விட்டுவிட்டோம்: ஓய்வு. உப்புக்காற்று, உங்கள் ஒரு சனிக்கிழமையில் எத்தனை சண்டை நடக்கும்?

உப்புக்காற்று:

மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். பெரும்பாலும் ஒன்று. பயணத்தில் நாளுக்கு ஒன்றுகூட வராது.

கணக்குப்பிள்ளை:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2014 டிஎம் கையேடு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல் வரை தாங்கலாம் என்று கணக்குப் போட்டது. ஸ்பெல் போடுபவர்களின் ஸ்லாட் அத்தனைக்கும் பங்கிட வேண்டியது. ஃபைட்டருக்கு இன்னொரு செயல் தரும் ஆக்‌ஷன் சர்ஜ், வார்லாக் என்ற மந்திரவாதியின் ஸ்லாட் எல்லாம் ஒரு மணி நேரக் குறு ஓய்விலேயே திரும்பிவிடும். ட்ரூயிடின் ஸ்லாட் திரும்ப, இரவு தூங்கி எழும் நெடு ஓய்வு வேண்டும். நாளுக்கு ஒரு மோதல் என்றால் ட்ரூயிட் முழு நாள் கூலியையும் ஒரே வேளையில் செலவழிக்கிறார். மற்றவர்கள் அவருக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிவார்கள். ஸ்டாட் 18ஆ 14ஆ என்பது இதற்கு முன்னால் சிறிய விஷயம், நான் மேலே எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குட்பெர்ரிக்கு வருவோம். மூன்றாம் லெவல் ட்ரூயிடுக்கு முதல் நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம் நிலை இரண்டு. தினமும் இரவு தூங்கி எழுந்தால் ஆறும் திரும்பி வருகிறது, அதில் ஒன்று பழத்துக்கு. விலையே இல்லை. ‘நெடு ஓய்வு துறைமுகத்திலோ, பாதுகாப்பான முகாமிலோ மட்டும்’ என்று ஒரே ஒரு விதி வையுங்கள். பழம் 24 மணி நேரத்தில் சக்தி இழந்துவிடும், முன்கூட்டிச் சேர்த்து வைக்க முடியாது. ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து ஸ்லாட். நான்காம் நாள் முடிவில் முதல் நிலை ஸ்லாட் நான்கும் காலி, ஐந்தாம் நாள் பழத்துக்கு இரண்டாம் நிலையில் ஒன்று போகும், நடுவில் ஒரு முதலை வந்தால் கையில் ஒரே ஒரு ஸ்லாட்தான். அப்போது ட்ரூயிடே ரேஞ்சரைப் பார்த்து, இன்றைக்கு நண்டு கிடைக்குமா என்று கேட்பார். எந்த ஸ்பெல்லையும் தடை செய்யவில்லை, நாக் ஸ்பெல்லுக்கு இருக்கும் 300 அடி மாதிரி ஒரு விலை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

மழைக்குறி:

எங்கள் குழுவில் இதைச் செய்தோம், கையேட்டில் இருக்கும் கடுமையான மாற்று விதிப்படி: குறு ஓய்வு எட்டு மணி நேரம், நெடு ஓய்வு ஏழு நாள். முதல் மாதம் விசார்ட் அழாத குறை. மேஜ் ஆர்மர் என்ற கவச ஸ்பெல் எட்டு மணி நேரம்தான் நிற்கும், அதற்கு மட்டும் தினமும் ஒரு ஸ்லாட் போய்விடும். ஓய்வைத் தள்ளிப்போட்டால் அந்த மாதிரி ஸ்பெல்களை அடுத்த நெடு ஓய்வு வரை நீட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் அநியாயத்தைத் தீர்த்து இன்னொருவருக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கணக்குப்பிள்ளை சொன்ன இடம் சார்ந்த விதி இதைவிட மென்மையானது, குறு ஓய்வு ஒரு மணி நேரமாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. விதியை மாற்றுவதற்கு முன் ட்ரூயிட் ஆடுபவரிடம் பேசுங்கள், தனியாக. விதி தன்னைக் குறிவைத்து வந்ததாக அவர் நினைத்துவிட்டால் அடுத்து அவர் வராமல் போவார்.

புது ஆள்:

இடையில் ஒரு சந்தேகம். நான் அடுத்த மாதம் இப்படி ஒரு குழுவில் சேரப்போகிறேன், அவர்கள் ஐந்தாம் லெவல். புதியவர்கள் முதல் லெவலில்தான் தொடங்க வேண்டும் என்கிறார்கள். சமாளிக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை:

அடிப்பதில் சமாளிக்கலாம். பயிற்சிப் போனஸ் முதல் லெவலில் +2, ஐந்தில் +3, இருபதிலும் +6தான். உயிர்ப்புள்ளியில் முடியாது. ஐந்தாம் லெவல் எதிரி ஃபயர்பால் போட்டால் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. உங்களுக்கு எட்டு உயிர்ப்புள்ளி, தப்பிக்கும் பகடை தவறியது என்று வையுங்கள். எட்டும் போய் மீதி 20 இருக்கிறது. அது உங்கள் முழு அளவான எட்டைத் தாண்டுவதால் மயக்கமே இல்லை, நேராகச் சாவு. அந்தப் பகடை சரியாக விழுந்தால் பாதி அடி, 14, மயங்கி விழுவீர்கள், யாராவது எழுப்பலாம். மூன்றாம் லெவலிலாவது தொடங்கக் கேளுங்கள்.

இரவுநடை:

உப்புக்காற்று, பொருள்களைப் பற்றி யாரும் முடிக்கவில்லை. எங்கள் உலகில் நான்கு டிஎம். ஒருவர் தாராளம், ஒருவர் கருமி. தாராளமானவர் மேசைக்கு எல்லோரும் ஓடினார்கள், மற்ற மூவருக்கும் ஆள் கிடைக்காமல் போனது. இப்போது ஒரே பதிவேடு. எந்த டிஎம் எந்த மாயப்பொருளைக் கொடுத்தாலும் அதில் எழுத வேண்டும். பறப்பது, இடம்விட்டு இடம் மாறுவது, சாவைத் திருப்புவது, இந்த மூன்றில் எதையாவது தரும் பொருளுக்கு நால்வரும் சம்மதிக்க வேண்டும், ஏனென்றால் அவை ஒரு மேசையின் வரைபடத்தை மட்டும் மாற்றுவதில்லை.

பின்கதைக்கும் இதே கண் வேண்டும். எங்களிடம் ஒருவர் தன் கேரக்டர் அரசரின் ரகசிய மகன் என்று எழுதிவிட்டார். ஸ்டாட்டில் சாதாரண பார்ட்தான் (பாடகர் கேரக்டர்). ஆனால் எல்லாக் கதையும் அவர் பக்கம் சாய ஆரம்பித்தது. இப்போது புதிதாக வருபவர் உலகத்தில் ஒரு இடத்தையும் ஒரு கடனையும் சேர்க்கலாம், அந்தக் கடன் இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டரோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அரியணை கிடையாது.

உப்புக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக மூவரும் பேசினோம். ட்ரூயிட் ஆடுபவரிடம் முதலில் பேசினேன். அவருக்கே அந்தப் பயணம் சப்பென்று இருந்ததாம், ஸ்பெல் கையில் இருக்கும்போது போடாமல் இருப்பது மற்றவர்களை ஏமாற்றுவது போல இருந்தது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஓய்வு விதிக்குச் சம்மதித்துவிட்டார். துடைப்பத்தைத் திரும்பக் கேட்கவில்லை, அவரே அதைத் துறைமுகத்துப் படகுக்காரர் சங்கத்துக்கு அடகு வைத்துவிட்டு, பாழ் நகரத்துக்குப் போக ஒரு தட்டையான படகு வாங்கலாமா என்று கேட்டார். படகில் ஆறு பேர் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஸ்டாட்டில் கணக்குப்பிள்ளை சொன்னபடி இனி வருபவர்களுக்கு 27 புள்ளி. பழையவர்கள் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். பதிவேடு நேற்றே தொடங்கியாயிற்று.

அப்புறம் ரேஞ்சர் ஆடுபவரை அழைத்தேன். ஸ்டாட்டைப் பற்றிக் கேட்டேன், வேண்டாம், அந்த 8ஓடுதான் அவளைப் பழகிவிட்டேன் என்றார். சதுப்பில் மூன்று வழி என்று பழைய மேசை எழுதியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, மேட்டு வழியில் பௌர்ணமி அன்று தண்ணீர் ஏறுமா என்று கேட்டார். நான் அதை யோசித்திருக்கவே இல்லை. நீங்களே சொல்லுங்கள் என்றேன். இன்று காலையில் கையால் வரைந்த ஒரு வரைபடம் அனுப்பியிருக்கிறார். அதில் எங்கள் மூவருக்கும் தெரியாத நான்காவது வழி ஒன்று இருக்கிறது, பக்கத்தில் ‘பாட்டி வழி, அமாவாசைக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. சனிக்கிழமை அவர் வருகிறார். அதற்குள் அந்த வழி எங்கே போய் முடிகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.